வெர்னன் ஹலுஷ்காவின் இருமல்

வெர்னன் ஹலுஷ்கா 2011 நவம்பர் ஒன்பதாம் தேதி காலை ஆறேகாலுக்கு இறந்தார். அவருடைய இருமல் இறக்கவில்லை. பன்னிரண்டாம் தேதி அவரைப் புதைத்துவிட்டு, முட்டைக்கோஸ் நூடுல்ஸும் பன்றி இறைச்சியும் சாப்பிட நாங்கள் நாற்பது பேர் அவர் வீட்டுக்குப் போனபோது, ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது. முதலில் தொண்டைக்குள் சரளைக்கல் உருளும் சத்தம், பிறகு ஆழத்திலிருந்து மூன்று தரம், முடிவில் நீளமாக ஒரு விசில். நாற்காலிக் கைப்பிடியில் கறுப்பாக ஒரு சொட்டுச் சளி விழுந்தது. அறை முழுக்க டீசல் நாற்றம். வெர்னனோடு இருபத்தாறு வருடம் ரயில் எஞ்சின் ஷெட்டில் வேலை பார்த்த ஸ்டான் ப்ரோகோப் தட்டைக் கீழே வைத்தார். "இவன் என்னிக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கான்?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். வெர்னனின் மனைவி பெர்னடீன் ஒரு கைக்குட்டையை மடித்துக் கைப்பிடியில் போட்டுவிட்டு, யாருக்கு இன்னும் நூடுல்ஸ் வேண்டும் என்று கேட்டார்.

எங்கள் கார்வர்ஸ் ரன் ஊரில், பென்சில்வேனியாவின் அந்த மலை மடிப்பில், ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் நுரையீரல் கெட்டுச் சாவது புதிதல்ல. குளிர்காலத்தில் ஷெட்டின் பெரிய கதவுகளை மூடிவிட்டு உள்ளே ஆறு எஞ்சின்களை ஓட விடுவார்கள். மதியச் சாப்பாட்டு ரொட்டியின் மேல் கரி படியும், தட்டிவிட்டுத் தின்பார்கள். குழாய்களில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கல்நாரை வெறுங்கையால் பிய்ப்பார்கள். முகமூடி கேட்டவனுக்கு மேற்பார்வையாளர் அடுத்த மாதம் வரும் என்று சொல்லிச் சொல்லியே பதினெட்டு வருடம் ஓடியது. வெர்னனுக்கு ஐம்பத்தொன்பது வயதில் புற்றுநோய் என்று தெரிந்தது. எங்கள் நாட்டில் ரயில்காரனுக்கு மற்றத் தொழிலாளிகளைப் போல நஷ்டஈடு தானாக வராது. வழக்குப் போட்டு, கம்பெனியின் அலட்சியத்தால்தான் நோய் வந்தது என்று நிரூபிக்க வேண்டும். அவர் வழக்குப் போட்டார். கம்பெனி வக்கீல்கள் அவருடைய கல்யாணப் புகைப்படத்தைக் கண்டுபிடித்து, கையில் என்ன என்று கேட்டார்கள். வருடத்துக்கு எத்தனை கிலோ உருளைக்கிழங்கு வறுத்துத் தின்றார் என்று கேட்டார்கள். அவர் அப்பா எதனால் செத்தார் என்று கேட்டார்கள். பிறகு தேதியைத் தள்ளி வைத்தார்கள். மறுபடி தள்ளி வைத்தார்கள். ஒரு நோயாளியோடு வழக்காடுகிறவனுக்குக் காலண்டரை விட நல்ல வக்கீல் கிடையாது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

நோய் விடுப்புப் பணம் நின்றது. வீட்டுக் கடனில் ஏழு தவணை பாக்கி விழுந்தது. 2010 ஏப்ரலில் ட்ரென்ட் ஆக்லி வந்தான். முப்பத்தைந்து வயது, வெளிர்நீலச் சட்டை, கையில் ஒரு டஜன் டோனட். வழக்கு நடத்துகிற நோயாளிகளுக்கு, வரப்போகும் தீர்ப்பை நம்பி முன்பணம் கொடுக்கிற கம்பெனி ஒன்றின் ஆள்.

"இதக் கடன்னு சொல்லாதீங்க சார். கடன்னா கட்டியே ஆகணும். கேஸ் தோத்தா நீங்க ஒரு சென்ட் தர வேணாம். ரிஸ்க் பூரா எங்களுது."

"ஜெயிச்சா?" என்றார் வெர்னன்.

"ஜெயிச்சா எல்லாருக்கும் சந்தோஷம்தானே."

வெர்னனுக்கு இருமல் வந்தது. எச்சில் மேசை மேல் தெறித்தது. ட்ரென்ட் முதலில் ஒப்பந்தக் காகிதங்களைத் தூக்கிக் காப்பாற்றினான், பிறகு டோனட் பெட்டியை, கடைசியில்தான் தன் சட்டையைப் பார்த்தான். மாதம் மூன்றரை சதவிகிதம், வட்டிக்கு வட்டி. பதினெட்டாயிரம் டாலருக்குக் கையெழுத்தானது. அந்தப் பணம் வீட்டைக் காப்பாற்றியது, புதுக் கொதிகலன் வாங்கியது, மருந்துக்கும் ஆனது. இதை மறைப்பது நியாயமில்லை. மூழ்குகிறவனுக்குக் கயிறு வீசி, மேலே வந்ததும் கயிற்றோடு அவன் தோலையும் சுருட்டிக்கொள்கிற வியாபாரம் அது. ஆனால் கயிறு என்னவோ கயிறுதான்.

வெர்னன் இறந்த பிறகு வழக்கு பெர்னடீன் பெயருக்கு மாறியது, வட்டியும் கூடவே மாறியது. இருமல் ஷிஃப்ட் நேரம் தவறாமல் காலை ஐந்து மணிக்கும் மதியத்துக்கும் ராத்திரி பத்துக்கும் வந்தது. நாளைக்கு மூன்று கைக்குட்டை. பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்து பெர்னடீன் அவற்றை வெந்நீரில் அலசுவார். வாளித் தண்ணீர் கழிவெண்ணெய் மாதிரி வழியும். இரண்டு தடவை இருமலுக்குக் காய்ச்சல் கூட வந்தது. பிட்ஸ்பர்க்கிலிருந்து அவர் வக்கீல் மெக்கில்ராய் வந்து அதைக் கேட்டுவிட்டு, நல்ல சாட்சி என்று ஆனந்தப்பட்டார். ரயில் கம்பெனி, தன் மருத்துவரும் அதைப் பரிசோதிக்க வேண்டும் என்று மனுப் போட்டது. நீதிபதி அனுமதித்தார். 2014 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த மருத்துவரும் மெக்கில்ராயும், அழைக்காமலே டோனட் டப்பாவோடு வந்த ட்ரென்ட் ஆக்லியும் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் ஆயிற்றே என்று பெர்னடீன் சாண்ட்விச் செய்து வைத்திருந்தார். மருத்துவர் இரண்டு தின்றார். மதிய இருமல் வந்தது.

"அட, போன தடவைய விட இப்ப நல்லாருக்கு. அடி நெஞ்சுலேர்ந்து வருது பாருங்க" என்றான் ட்ரென்ட்.

"ஜூரி கேட்டா அழுதுருவாங்க" என்றார் மெக்கில்ராய்.

மருத்துவர் விரலில் ஒட்டிய கடுகு விழுதை நக்கிக்கொண்டே எழுதினார். "சிகரெட் பிடிக்கறவங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்."

"அவர் சிகரெட் பிடிச்சதே இல்ல" என்றார் பெர்னடீன்.

"கல்யாணப் போட்டோவுல கையில இருக்கேம்மா?"

"அது சுருட்டு. எங்கப்பா குடுத்தது. அவர் பத்தவைக்கக்கூட இல்ல."

மருத்துவர் அதை எழுதவில்லை. ட்ரென்ட் நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தினான். "மேடம், மேலிடத்துல பேசிட்டேன். இந்த இருமலுக்குன்னு தனியா இன்னொரு ஆறாயிரம் தரலாம்ங்கறாங்க."

"கைய எடு" என்றார் பெர்னடீன்.

"மேடம்?"

"அவர் உக்காந்திருக்கார். கைய எடு. அந்த டோனட் டப்பாவையும் எடுத்துக்கிட்டு வெளிய நட."

போகும்போது அவன் விரல்களைத் திரைச்சீலையில் துடைத்துவிட்டுப் போனான். அந்தக் கறை இன்றும் இருக்கிறது.

விசாரணை 2015 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. அன்று காலை நீதிமன்ற வராந்தாவில், விசாரணை இல்லாமல் சமரசமாக முடித்துக்கொண்டால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் டாலர் தருவதாகக் கம்பெனி சொன்னது. பதினான்காவது நிபந்தனை: இறந்தவரின் சத்தம், நாற்றம், சளி உட்பட எஞ்சியிருக்கும் எதுவும் இனி கம்பெனியின் உடைமை, அதைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது.

ஸ்டான் நாற்காலியைத் தன் டிரக்கில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். "கையெழுத்துப் போடாத பெர்னி. உள்ள தூக்கிட்டுப் போவோம். அவங்க முன்னாடி அவன் ஒரு தடவ இருமட்டும்."

"அவங்க அப்பீல் போவாங்க. இன்னும் ரெண்டு வருஷம் இழுத்தா மொத்தமும் அந்த டோனட்காரனுக்குத்தான் போகும் ஸ்டான். எனக்கு அலுத்துப் போச்சு. குமட்டுது."

கையெழுத்துப் போட்டார். மெக்கில்ராய்க்கு எண்பதாயிரம். நிபுணர்களுக்கும் நகல்களுக்கும் பதினேழாயிரத்துச் சொச்சம். ட்ரென்டின் கம்பெனிக்கு, அந்தப் பதினெட்டாயிரம் ஐந்து வருடத்தில் குட்டி போட்ட வகையில், ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். பெர்னடீன் கைக்கு அறுநூறு டாலர் வந்தது. கூடவே, துணிவுடன் போராடியதற்கு வாழ்த்துகள் என்று ட்ரென்ட் ஒரு அட்டை அனுப்பியிருந்தான். அதில் சூரியகாந்திப் பூப் படம்.

வியாழக்கிழமை ரயில் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் இரும்புப் பெட்டியோடும் ரசீதுப் புத்தகத்தோடும் வந்தார்கள். பெட்டியைத் திறந்து நாற்காலி பக்கத்தில் வைத்தார்கள். இருமல் இறங்கவில்லை. கையுறை போட்டுத் தடவினார்கள், நாற்காலியைச் சாய்த்துக் குலுக்கினார்கள். அரை மணி நேரம் கழித்து அவர்களில் மூத்தவன், பார்க்க நல்ல மனிதன்தான், தொப்பியைக் கழற்றினான். "நீங்க சொன்னாக் கேக்கும்மா. நாங்க சாயங்காலத்துக்குள்ள கொண்டுபோய்ச் சேக்கணும்."

பெர்னடீன் நாற்காலி முன் மண்டியிட்டார். "வெர்ன், கண்ணு, ஷிஃப்ட் மாத்திட்டாங்க. கிளம்பு" என்றார். சரளைக்கல் உருண்டது, மூன்று தரம், ஒரு விசில், அவ்வளவும் பெட்டிக்குள்ளிருந்து கேட்டது. மூடிப் பூட்டினார்கள். பெர்னடீன் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சமையலறைத் தொட்டியில் வாந்தி எடுத்தார். அந்தப் பெட்டி டெலவேரில் ஒரு கிடங்கில், எண் போட்ட அடுக்கில் இருப்பதாகப் பின்னால் தெரிந்தது. பார்க்க அனுமதி இல்லை.

வீடு நான்கு மாதம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அவருக்குத் தூக்கம் வரவில்லை, எட்டு கிலோ இளைத்தார். செப்டம்பரில் ஒரு காலை, நாற்காலியில் வேறொரு இருமல் வந்து உட்கார்ந்திருந்தது. குட்டையாக, கோபமாக, நாய் குரைப்பது போல. ஸ்டானை வரவழைத்துக் கேட்கச் சொன்னார். "இது ஏர்ல் வொய்ட்டக். தொண்ணூத்தாறுல போனான். பொண்டாட்டியும் போய்ச் சேந்தா, வீட்டையும் இடிச்சிட்டாங்க. எங்கதான் போவான் பாவம்" என்றார் ஸ்டான். மறுவாரம் இன்னொன்று சோபாவில். கிறிஸ்துமஸுக்குள் ஏழு. வழக்குப் போடாதவர்கள், போட்டுத் தோற்றவர்கள், தேதி வருமுன்பே செத்தவர்கள். பெர்னடீன் தேவாலயத்துப் பாரிஷ் ஹாலில் வேண்டாமென்று போட்டிருந்த நாற்காலிகளை வாங்கி வந்து வரிசையாகப் போட்டார். 2017 கடைசியில் ஸ்டானும் போய்ச் சேர்ந்து, இருமலாக வந்துவிட்டார், சமையலறைப் பக்கத்து முக்காலியில். அதே வருடம் ட்ரென்டின் கம்பெனியிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அங்கிருப்பவர்களில் யாருக்காவது வழக்குப் போட உரிமை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு. பெர்னடீன் அந்தத் தாள்களை நாற்காலிகளுக்கு அடியில் விரித்துப் பார்த்தார். வழவழப்பாக இருந்ததால் சளியை உறிஞ்சவில்லை. தூக்கிப் போட்டார்.

போன பிப்ரவரியில் எரிவாயு மீட்டர் பார்க்கப் புதிதாக ஒருவர் வந்தார், பக்கத்து மாவட்டத்துக்காரர். மதிய நேரம். அதற்குள் பத்தொன்பதாகிவிட்டிருந்த அவர்கள் எல்லாரும் ஒன்றாக இருமினார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"விருந்தாளிங்க இருக்காங்களா மேடம்?"

"இல்லப்பா. ஷெட்டுக்காரங்க. இங்கதான் இருக்காங்க."

அவர் காலணியை மிதியடியில் துடைத்துக்கொண்டு, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே யார் மீதும் இடிக்காமல் ஒருக்களித்து நடந்து, நிலவறைக்கு இறங்கி எண்ணைக் குறித்துக்கொண்டார். ஆள் கணக்குக்குப் பார்த்தால் பில் குறைவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.