பேர் வெட்டிய அண்டா

விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் சவுரியம்மாள் குடியிருந்த வாடகை வீட்டின் பரணிலிருந்த எவர்சில்வர் பாத்திரங்களைப் பழைய இரும்புக்காரர் இரண்டு ஆட்களோடு வந்து தூக்கிப் பார்த்தார். ஒரு டம்ளர்கூட நகரவில்லை. கடப்பாரை போட்டு நெம்பியதில் கடப்பாரைதான் வளைந்தது. அதைத் தன் வண்டியிலேயே பழைய இரும்போடு போட்டுக்கொண்டு, இந்த வாரம் தகரத்துக்கு விலை இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் இடத்தை விற்றிருந்தார். திங்கட்கிழமை ஜேசிபி வரும் என்று சொல்லிவிட்டார். சவுரியம்மாளுக்கு அதில் துளி வருத்தமில்லை. ஒழுகும் வீடு, மழைக்காலத்தில் குண்டான்களை அடுப்பில் வைத்ததைவிட ஒழுகும் இடத்தில் வைத்ததுதான் அதிகம். அவள் இட்லிக்கடை போட்டும், அவள் கணவன் வல்லரசு மோட்டாருக்குக் காயில் கட்டியும் திண்டிவனம் ரோசணையில் ஒரு வீட்டைக் கட்டி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சர்ச் சாமியார் வந்து அதை மந்திரித்துக் கொடுப்பதாகப் பேச்சு. அதற்குள் இந்த வீட்டைக் காலி செய்யவேண்டும். அவள் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டாள்: ஒரு வருஷம் கை படாத பொருள் புது வீட்டுக்கு வராது.

விதி நன்றாகவே வேலை செய்தது. மூடி தொலைந்த டப்பாக்கள், டப்பா தொலைந்த மூடிகள், தேதி முடிந்த மாத்திரைகள், ஓட்டல் பார்சலில் வந்த பிளாஸ்டிக் கிண்ணங்கள், மகள் அஸ்வினி ஆறாவதில் போட்ட ஷூ எல்லாம் முதல் நாளே போயின. கல்யாணப் பத்திரிகைகள்தான் தொல்லை கொடுத்தன. சாமி படம் போட்டதைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. அந்த வீட்டில் இரண்டு மதத்துச் சாமிகளும் கட்டுக்கட்டாக இருந்தார்கள். பிள்ளையார்களை அரசமரத்தடிக்கும் மாதாக்களைக் கோயில் மணியடிக்கிறவர் அறைக்கும் அனுப்பிவைத்தாள். அடுத்து வல்லரசின் மூட்டை. எரிந்துபோன காயில்களும் ஃபேன் ரெகுலேட்டர்களும் அதில் கிடந்தன.

"இது எதுக்கு?"

"ஒதவும்."

"எப்போ ஒதவும்?"

"தேவப்பட்டா ஒதவும்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒதவாதது இனிமே ஒதவப்போவுதா? நீ வேணும்னா அதோட இங்கயே இரு. திங்கக்கெழம ஜேசிபிக்காரன் ரெண்டையும் சேத்து அள்ளிக்கினு போவான்."

மூட்டை போனது. கிரைண்டர் கல்லைப் பழைய புடவையில் கட்டினாள். டியூப்லைட்டுகளைத் துண்டில் சுற்றினாள். மளிகைக்கடை அட்டைப்பெட்டிகளில் அன்றாடம் புழங்கும் பாத்திரங்கள் அடங்கிவிட்டன. மிச்சம் பரண்தான். அங்கே இருந்தவை எல்லாம் அஸ்வினியின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கென்று வந்தவை. ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பேர் வெட்டியிருந்தது. பேர் வெட்டிய பாத்திரத்தை இன்னொரு விசேஷத்துக்குத் தள்ளிவிடவும் முடியாது, புழங்கவும் மனம் வராது. எல்லா வீட்டிலும் அது பரணுக்குத்தான் போகும். ஒரு வருஷம் என்ன, பல வருஷம் கை படாதவை. விதிப்படி பழைய இரும்புக்குப் போயிருக்கவேண்டும். போக மறுத்தன.

விஷயம் பிடிபட்டது இருதயராஜால். சவுரியம்மாளின் அண்ணன், குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். எவ்வளவு லோடு என்று பார்க்க வந்தவன் ஏணியில் ஏறித் தன் பேர் வெட்டிய தவலையைப் பார்த்தான்.

"என்னா சவுரி, நா குடுத்தத காய்லாங்கடைக்குப் போட்டியா?" என்று கேட்டபடியே அதைப் பூச்சட்டி மாதிரி ஒரு கையால் தூக்கிக்கொண்டு இறங்கினான். கீழே வைக்கப் பார்த்தான். கை விடவில்லை. எண்ணெய் தடவினார்கள், சோப்பு போட்டார்கள். பிறகு சவுரியம்மாளே அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டு, வல்லரசின் பைக்கில் பின்னால் உட்காரவைத்துத் திண்டிவனத்துக்கு அனுப்பினாள். புது வீட்டுச் சமையற்கட்டு மேடையில் வைத்ததும் கை தானாக விட்டது. ஆக, பரணிலிருந்ததைத் தூர எறிய முடியாது, விற்க முடியாது. கொடுத்தவர் தன் கையால் தூக்கி, புது வீட்டில் கொண்டுபோய் வைத்தால்தான் உண்டு. தெருவில் இதை இரண்டு நாள் பேசினார்கள். பிறகு தண்ணீர் லாரி வராததைப் பேசப் போய்விட்டார்கள்.

சவுரியம்மாள் ஏணியில் நின்றபடி ஒவ்வொரு பேராகப் படித்து, ஒவ்வொருவருக்காகப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உங்கள் பாத்திரத்தை நீங்களே தூக்கிக்கொண்டு திண்டிவனம் வரவேண்டும், சாப்பாடு அங்கே. யாரும் மறுக்கவில்லை. ஒரு சம்புடத்தில் மட்டும் பழைய பேரைத் தேய்த்துவிட்டு அதன்மேல் புதுப் பேர் வெட்டியிருந்தது. வல்லரசின் முதலாளியம்மாளுக்கு அவர் நாத்தனார் கொடுத்ததை அவர் இங்கே தள்ளிவிட்டிருக்கிறார். அந்த இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. இரண்டு பேரையும் கூப்பிட்டாள். போன் பண்ணாமல் விட்டது இரண்டு பாத்திரங்களுக்கு. ஒன்று செத்தவர் கொடுத்த குடம். இன்னொன்று பூவரசன் கொடுத்த அண்டா.

பூவரசன் வல்லரசின் அண்ணன். பனமலையில் சொந்த நிலத்தில் பயிர் வைக்கும் குடும்பம். சவுரியம்மாளுடையது அந்த மாதிரி நிலங்களில் களையெடுத்தும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கியும் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பம். வல்லரசு அவளைக் கட்டிக்கொண்டபோது பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு வந்த சினேகிதர்களைத் தவிர ஆளில்லை. சீர்வரிசை கிடையாது, மேளம் கிடையாது. பல வருஷம் கழித்து அஸ்வினியின் விழாவுக்கு, ஊர் என்ன சொல்லுமோ என்று பூவரசன் வந்தார். நூறு பேருக்குச் சமைக்கிற அண்டாவை இரண்டு ஆள் வைத்து இறக்கினார். அதில் தன் பேரை எல்லோர் பேரையும்விடப் பெரிதாக வெட்டியிருந்தார். "வாடக வூட்ல இத எங்க வெப்பீங்க? வாசல்லயே கவுத்துட்டு அது மேல ஒக்காந்துக்கங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சவுரியம்மாள் நீட்டிய சொம்புத் தண்ணீரை வாங்காமல் வண்டி ஏறினார். அவர் அப்பா தாண்டவராயன் அடுத்த வாரம் மூத்த மகனுக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்தார். தன் பேர் வெட்டிய ஒரு குடம் நிறைய மல்லாட்டை கொண்டுவந்தார், வயிறு நிறையச் சாப்பிட்டார், மறு வருஷம் செத்துப்போனார். சாவுக்குப் போன வல்லரசையும் சவுரியம்மாளையும் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள்.

"அண்டாவ வுட்டுட்டுப் போலாம். ஜேசிபி நசுக்கட்டும்" என்றான் வல்லரசு.

"முடியாது. எங்க வெப்பன்னு கேட்டவரு கையாலயே எங்க வூட்ல கொண்டாந்து வெக்கணும். தண்ணி குடிக்கணும்."

"அப்போ போன் பண்ணு."

"அதான் பண்ண மாட்டேன்."

பண்ணவும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் அண்டா அளவுக்கு அரிசியும் கறியும் சொல்லிவைத்தாள். அதற்கான பாத்திரம் எங்கே என்று கேட்க வல்லரசுக்குத் தைரியம் வரவில்லை.

சேதி தானாகவே பனமலைக்குப் போனது. எல்லோரும் தூக்கப்போகிறார்கள், பூவரசன் கொடுத்தது மட்டும் ஜேசிபிக்குப் போகப்போகிறது என்று டீக்கடையில் சிரித்தார்கள். பூவரசன் நேரில் வர மாட்டாராம். அதே பேருள்ள ஒரு லோடுமேனைக் கூலி பேசி அனுப்பினார். லோடுமேன் பூவரசன் ஏணியில் ஏறி, தம் பிடித்து இழுத்தான். அண்டா அசையவில்லை. அவனுக்கு வேறு ஏதோ ஒரு பூவரசனின் பேரைத்தான் வைத்திருந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவனுக்குச் சவுரியம்மாள் இட்லி கொடுத்து, இடுப்புக்குத் தைலம் கொடுத்து அனுப்பினாள்.

சனிக்கிழமை அஸ்வினி வந்தாள், கணவன் சித்தார்த்தனோடும் எட்டு மாதக் கைக்குழந்தையோடும். பரணைப் பார்க்க ஏணியில் ஏறிய சித்தார்த்தனின் தோளிலிருந்த குழந்தை பளபளப்பைக் கண்டு எட்டியது. செத்துப்போன கிழவரின் குடத்தை விளிம்பில் பிடித்து, கிலுகிலுப்பை மாதிரி தூக்கி ஆட்டியது. அந்தக் குழந்தைக்கு அவர் பேரைத்தான் வைத்திருந்தார்கள். தாண்டவராயன் குடத்தை வைத்துக்கொண்டே பால் குடித்தான், குடத்தை வைத்துக்கொண்டே தூங்கினான். கொசுவலைக்குள் குடமும் சேர்த்துப் படுக்கவைக்க இடம் பற்றவில்லை, அவ்வளவுதான் சிரமம்.

இதுவும் பனமலைக்குப் போனது. பூவரசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா பேரை அங்கே வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார். மனைவி தையல்நாயகி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"நம்ம பேரனுக்கு வெக்கலாம்னு நா சொன்னேன். ஸ்கூல்ல சிரிப்பாங்கன்னு நீங்கதான் வேணாம்னீங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கீழ்ப்பெரும்பாக்கத்தில் சொந்தக்காரர்களும் கடை வாடிக்கைக்காரர்களும் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக ஏணியில் ஏறித் தங்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முதலாளியம்மாளும் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் சம்புடத்தைப் பிடித்தால்தான் அது எழும்பியது. பரணில் அண்டா மட்டும் தனியாக நின்றபோது பூவரசன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"கொயந்த எங்க?"

அஸ்வினி குழந்தையை அவர் பக்கமாகத் திருப்பினாள். குழந்தையின் கையில் குடம் இருந்தது. குடத்தில் வெட்டியிருந்த அப்பாவின் பேரை அவர் விரலால் தடவினார். குழந்தை அவர் நெற்றியில் குடத்தால் ஒரு இடி இடித்தது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அவரும் இப்பிடித்தான் அடிப்பாரு" என்றார். பிறகு சவுரியம்மாளைப் பார்க்காமல் கேட்டார்: "அண்டா?"

"மேலதான் கீது மாமா. ஏணிய கெட்டியா புடிச்சிக்கிறேன், ஏறுங்க."

ஏறினார். இரண்டு ஆள் வைத்து இறக்கிய அண்டா அவர் கையில் அப்பளம்போல வந்தது. இறங்கியதும் கீழே வைக்க முயன்றார். புது வீடு வரைக்கும் கை விடாது என்று அவருக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னபோது சுற்றிலும் பார்த்தார். எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. குட்டியானையின் பின்பக்கம் ஏறி, கிரைண்டருக்கும் மெத்தைக்கும் நடுவில் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கெட்டியா புடிச்சிக்க மச்சான்" என்றான் இருதயராஜ். "வுட்டாலும் வுழாது."

இருதயராஜ் தன்னை மச்சான் என்று கூப்பிட அவர் ஒருநாளும் விட்டதில்லை. அன்றைக்குக் கையை ஓங்க முடியாத நிலையில் இருந்தார். முண்டியம்பாக்கம் தாண்டும்போது வெயிலுக்கு இருதயராஜின் துண்டைத் தலையில் போட்டுவிடச் சொன்னார். போட்டுவிட்டது வல்லரசு. அண்ணன் தம்பி பேசிக்கொண்ட முதல் விஷயம் அந்தத் துண்டுதான். மற்றவர்கள் ரூட் பஸ்ஸில் போனார்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். ஒரு பாத்திரம்கூடத் தரையில் இல்லை, எல்லாம் கையில் இருக்கிறது என்று காட்டியதும் விட்டுவிட்டார்.

ரோசணையில் தெரு குறுகல். தோண்டிப்போட்ட பள்ளம் வேறு. வண்டி உள்ளே வராது என்று முனையிலேயே எல்லோரும் இறங்கி நடந்தார்கள். முன்னால் அஸ்வினியின் இடுப்பில் குடத்தோடு குழந்தை, அடுத்து அண்டாவோடு பூவரசன், பின்னால் தாம்பாளம், குத்துவிளக்கு, சம்புடம் என்று வரிசையாக. வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"யாருக்குக் கண்ணாலம்? பொண்ணு எங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பொண்ணு நாந்தான்" என்றாள் சவுரியம்மாள். கையில் உப்பும் மஞ்சளும் வைத்திருந்தாள். ஐம்பது வயது. தலை நரைத்திருந்தது. தனக்கு வந்த சீர்வரிசைக்கு முன்னால், அவசரமே இல்லாமல், தெருவின் நடுவில் நடந்தாள்.

புது வீட்டில் அவள் பரண் வைக்கவேண்டாம் என்று கொத்தனாரிடம் முன்பே சொல்லியிருந்தாள். அதனால் எதையும் மேலே ஏற்ற வழியில்லை. பூவரசன் வாசற்படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சமையற்கட்டுக்குப் பின்னால் கோட்டை அடுப்பு போட்டிருந்த இடத்துக்கு வந்தார். வாடகை வீட்டில் எங்கே வைப்பாய் என்று கேட்டவர், "எங்க வெக்கணும்?" என்று கேட்டார். அவள் அடுப்பைக் காட்டினாள். வைத்தார். அண்டா அந்த அடுப்புக்கென்றே செய்ததுபோல உட்கார்ந்தது, கை விட்டது. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தவர், வியர்வையைத் துடைத்தார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

சவுரியம்மாள் சொம்பை நீட்டினாள். அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். அதையும் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அண்டாவில் எண்ணெய் ஊற்றினாள். சாமியார் வந்து மந்திரித்து முடிப்பதற்குள் பிரியாணி வெந்துவிட்டது. முதலாளியம்மாளும் நாத்தனாரும் சம்புடத்தை இறக்கிவைத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பூவரசன் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ஜேசிபி வந்து கீழ்ப்பெரும்பாக்கம் வீட்டை இடித்தது. ஒரு மணிநேர வேலை என்று வந்தவர்கள் டீ குடிப்பதற்குள் முடித்துவிட்டார்கள். வீட்டுக்குள் கனமே இல்லை என்றார்கள்.

சவுரியம்மாளின் இட்லிக்கடை இப்போது ரோசணையில் நடக்கிறது. விசேஷங்களுக்குச் சமைத்தும் கொடுக்கிறாள். பேர் வெட்டிய பாத்திரங்கள் எல்லாம் அன்றாடம் புழங்குகின்றன, மற்றவர்களுடையவை இப்போது யார் தூக்கினாலும் வருகின்றன. அண்டா மட்டும் வருவதில்லை. இருந்த இடத்திலேயே கழுவ வசதியாக வல்லரசு பக்கத்தில் ஒரு குழாய் போட்டுக் கொடுத்தான். அதை அவள் திறந்ததில்லை. கவிழ்த்துக் கழுவவேண்டும் என்றால் பனமலைக்குப் போன் போடுகிறாள்.

"மாமா, அண்டாவ கயுவணும்."

"பஸ் ஏறிட்டேன்" என்கிறார் பூவரசன். "சோத்த வடிச்சி வெய்யி."