பிடரியில் இரண்டு புள்ளி, ஒரு கோடு

இதனால் சகலரும் அறிய வேண்டியது: ஆஸ்திரேலியக் கண்டம் டாக்டர் வரதராஜனின் பிடரியைத் தாக்கிவிட்டது.

அறிவித்தவர் அவரேதான். 1976 மார்ச்சில், மெல்பர்ன் ஆய்வுக்கூடம் ஒன்றின் தேநீர் இடைவேளையில், கழுத்தைச் சொறிந்தபடி. யூகலிப்டஸ் மரம் காற்றில் விடும் ஏதோ ஒரு சிறு மூலக்கூறு. தனியாக வந்தால் உடம்பு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் மட்டும், அந்நியன் என்று வெள்ளையணுக்கள் கிளம்பிவிடும். வியாழக்கிழமை கருத்தரங்கில் இதை நிறுவினால் வேலை ஒப்பந்தம் இரண்டு வருடம் நீளும். இல்லையென்றால் ஜூனில் மெட்ராஸுக்கு மூட்டை கட்ட வேண்டும்.

நிறுவத்தான் முடியவில்லை. யூகலிப்டஸ் சாற்றைப் பஞ்சில் நனைத்து இரண்டு கைகளிலும் ஒட்டிப் பார்த்தார். கைகள் ஆஸ்திரேலியாவோடு சமாதானமாகவே இருந்தன. பிடரி மட்டும் எரிந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்க, நடந்தால் சொறிய.

புதன்கிழமை மாலை, யாழ்ப்பாணத்துக்காரரான தோல் மருத்துவர் மகேந்திரராஜா, வரதராஜனைப் பார்க்க அவர் வீட்டுக்கு வந்தார்.

“சட்டையைக் கழட்டும் ஐசே.”

“யூகலிப்டஸ்தான். சந்தேகமே வேண்டாம்,” என்று கழற்றினார் வரதராஜன்.

மகேந்திரராஜா பிடரியைப் பார்த்தார். காலரின் உட்புறத்தைப் பார்த்தார். மறுபடியும் பிடரியைப் பார்த்தார்.

“ரெண்டு புள்ளி, ஒரு கோடு. அங்கயும் அதே, இங்கயும் அதே. உம்மட மரம் எழுதப் படிச்ச மரம் போல.”

வரதராஜனின் மனைவி வேதவல்லி எட்டிப் பார்த்தாள். “அது டோபி மார்க். தங்கை கல்யாணத்துக்கு மெட்ராஸ் போனப்போ நம்மாத்து டோபி கிருஷ்ணசாமி வெளுத்துக் குடுத்த சட்டை. யார் துணின்னு தெரியறதுக்கு சேங்கொட்டைச் சாறுல போடற குறி, எத்தனை தோய்ச்சாலும் போகாது.”

“ஓம், சேங்கொட்டைதான். தோலைப் புண்ணாக்கிப்போடும்.”

“முன்னாடியே சொல்லப்படாதோ?” என்று மனைவியிடம் பாய்ந்தார் வரதராஜன்.

“நீங்க மாலிக்யூல்னுதானே சொன்னேள். சட்டைன்னு சொல்லவேயில்லையே.”

வரதராஜன் கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். மரத்தை விட்டார், சட்டையைப் பிடித்தார்.

வியாழக்கிழமை அந்தச் சட்டையை ஹேங்கரில் மாட்டிக் கருத்தரங்குக்குக் கொண்டுபோய், சேங்கொட்டை எண்ணெய் தோலின் புரதத்தோடு சேரும் ரகசியத்தை ஒரு மணி நேரம் வெளியிட்டார். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டு முடித்து, போர்க்காலத்தில் இந்தியாவிலிருந்த ராணுவ டாக்டர்கள் இதை முப்பது வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார்களே என்றார்.

ஒப்பந்தம் நீளவில்லை. ஜூனில் மெட்ராஸ் திரும்பினார். அவர் சட்டைகளைக் கிருஷ்ணசாமிதான் வெளுக்கிறார்.