பிளேடு வேண்டாம்

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்கப்போகிறார்கள் என்பது கெசியாவுக்குப் பெரிய பயமாக இல்லை. மூத்தவள் ஜென்சியும் அப்படிப் பிறந்தவள்தான். கெசியா பயந்தது ஆபரேஷனுக்கு முன்னால் நடக்கிற ஒன்றுக்கு. அடிவயிற்றுக்குக் கீழே முடி எடுப்பார்களே, அதற்கு.

அவள் தோல் அப்படி. புது சோப்பு போட்டால் கழுத்து தடித்துப்போகும். ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்த்தால், அதே அளவுக்குச் சிவப்பாக ஒரு சதுரம் நிற்கும். சேலையூரில் ஒரு பள்ளியில் அவள் கணக்கு ஆசிரியை. சாக்பீஸ் தூள் பட்டால் விரல் வெடிக்கும் என்பதால் மார்க்கர் போர்டு இருக்கிற வகுப்புகளாகக் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

ஜென்சி பிறந்தது வேறொரு மருத்துவமனையில். அவசர அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். யாரோ ஒரு பெண் வந்து, சோப்புகூடப் போடாமல், உலர்ந்த தோலில் பிளேடை வைத்து வறட்டு வறட்டென்று இழுத்தாள். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். கெசியா கத்தியதைப் பிரசவ வலி என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்த இடம் முழுக்கச் சிவந்து, மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் சீழ்க்கொப்புளம் கிளம்பியது. தொடை உரசினால் உயிர் போய் உயிர் வந்தது. இரண்டு கொப்புளங்கள் பழுத்துத் தையல் ஓரம் வரை போய்விட்டன. உட்கார முடியாமல் நின்றுகொண்டே பால் கொடுத்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டவர்களிடம் எப்படிச் சொல்வது? "தையல் வலிக்குது" என்றே சொல்லி முடித்துவிட்டாள். கணவன் ஆபேலிடமும் அதையேதான் சொன்னாள்.

இந்த முறை அந்தப் பெண்ணைப்போன்ற யார் கைக்கும் வேலையே வைக்கக் கூடாது என்று நினைத்து, கேம்ப் ரோடு மருந்துக் கடையில் முடி நீக்கும் கிரீம் ஒன்று வாங்கிவந்தாள். சனிக்கிழமை மத்தியானம், ஜென்சி தூங்கியதும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வயிறு மறைத்ததால் கீழே ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்துத்தான் ஓர் ஓரமாகப் பூசினாள். சற்று நேரத்தில் சுருக்கென்றது. பிறகு மிளகாய் அரைத்த கையை வைத்தாற்போல் எரிந்தது. தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். ஈரத் தரையில் கால் வழுக்கியது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றுக்குள் குழந்தை ஒரு பக்கமாகப் புரண்டது.

"கெசியா? என்ன சத்தம்?" வெளியே ஆபேல். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். சனிக்கிழமை அரை நாள் வேலை.

அவள் கதவைத் திறந்தாள். எதையும் மறைக்கிற நிலையில் இல்லை. சுவரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள், ஜென்சி பிறந்தபோது நடந்ததையும் சேர்த்து. அவன் முகம் வெளிறிப்போனது.

"விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இதை ஏன் எங்கிட்ட அப்பவே சொல்லலை?"

"எப்படிங்க சொல்றது?"

அவன் அவள் தோளைப் பிடித்துக் கட்டிலுக்கு நடத்திக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலமே டாக்டர் சுந்தரவல்லியிடம் போனார்கள். கெசியா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லவேளை, லேசான எரிச்சல்தான். சீக்கிரம் ஆறிடும்" என்றார். "இனிமே கிரீமும் வேண்டாம், பிளேடும் வேண்டாம். பிளேடு போட்டா கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அது வழியா கிருமி போகும். உங்க தோலுக்கு அது ரொம்பவே ஆகாது."

"அப்ப முடி எடுக்கணுமே, டாக்டர்?"

"எடுத்தே ஆகணும்னு இல்லை. தையல் போடற இடத்துல இடைஞ்சலா இருந்தா மட்டும், அன்னிக்குக் காலைல இங்கேயே கிளிப்பர் மெஷின் வெச்சு ஒட்டக் கத்தரிச்சுடுவாங்க. அது தோலை வெட்டாது. நான் சொல்லி வைக்கறேன். அதுவரைக்கும் வெதுவெதுன்னு தண்ணி, தளர்வான காட்டன் துணி. வாசனை சோப்பு வேண்டாம். தேய்க்காம ஒத்தி எடுங்க."

வீட்டுக்கு வரும் வழியில் ஆபேல் வண்டியை மெதுவாக ஓட்டினான். "அதான் சொல்லிட்டாங்களே" என்றான். சொல்லி வைக்கிறேன் என்ற டாக்டர் மறந்துவிட்டால்? கெசியா இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. எரிச்சல் தணிந்த பிறகும் ஒவ்வொரு குளியலின்போதும் அந்த இடத்தை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளுக்குப் பச்சை கவுன் போட்டுப் படுக்க வைத்தார்கள். ஆபேலை வெளியே போகச் சொல்லிவிட்டு ஆயா கிளியம்மாள் உள்ளே வந்தார். கையில் ஒரு தட்டு. பஞ்சு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், மஞ்சள் கைப்பிடி வைத்த ரேசர்.

கெசியா கவுனைக் கீழே இழுத்துப் பிடித்தாள்.

"காலை அகட்டுமா. ரெண்டு நிமிசம்தான்."

அவள் முழங்கால்களை இறுக்கிக்கொண்டாள்.

"இன்னாமா, இப்டி பயந்துகினு கீற? எல்லாருக்கும் பண்றதுதான்."

ஆயா கவுனை விலக்கினார். குளிர்ந்த விரல்கள் பட்டதும் கெசியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"வேணாம்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும், "பிளேடு வேணாம்மா. டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே. இத்த செய்யாம அனுப்பினா எனக்குதான் திட்டு உழும்."

"சிஸ்டரைக் கூப்பிடுங்க. கேட்டுட்டுப் பண்ணுங்க. ப்ளீஸ்."

ஆயா கையை உதறிக்கொள்ளவில்லை. கீழே பார்த்தார். பழைய கொப்புளங்கள் ஆறிக் கருத்த தழும்புகள் அவர் கண்ணில் பட்டன. "இது இன்னாது?"

"முதல் குழந்தைக்கு பிளேடு போட்டாங்க. அதுல வந்தது."

கிளியம்மாள் தட்டைக் கீழே வைத்தார். "எனக்கும் எரிஞ்சிதுமா, மூணு புள்ளைக்கும். யார்கிட்ட போயி சொல்றது?" என்றவர், கதவைத் திறந்து, "தமிழினி சிஸ்டர், கொஞ்சம் வா!" என்று குரல் கொடுத்தார். இதற்கு முன்னால் தான் பிளேடு போட்டவர்களை நினைத்தாரோ என்னவோ, திரும்பி வந்து கெசியாவின் முகத்தைப் பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தமிழினி வந்தாள், கேட்டாள், ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. நேரமாகிறது என்று வெளியே யாரோ கத்தினார்கள். இவ்வளவுதான், இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்று கெசியா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது தியேட்டரிலிருந்து போன் வந்தது.

"சரி டாக்டர்... சரி." தமிழினி போனை வைத்தாள். "கிளிப்பர்தான்க்கா. மன்னிச்சுக்கோங்க, எங்களுக்குத் தகவல் வரலை."

அவள் கிளிப்பருக்குப் புது வெட்டுத்தலையை உறை பிரித்து மாட்டினாள். இயந்திரம் உர்ரென்று உறுமியதும் கெசியாவின் உடம்பு மறுபடி விறைத்தது. "முதல்ல உங்க கையில வெக்கறேன், பாருங்க" என்று தமிழினி முன்கையில் ஓட்டிக்காட்டினாள். கூசியது; அவ்வளவுதான். பிறகு தோலை லேசாக இழுத்துப் பிடித்து, முடி படிந்த போக்கிலேயே மெல்ல நகர்த்தினாள். தையல் வருகிற இடத்தில் மட்டும். கெசியா ஒவ்வொரு நொடியும் அந்த முதல் சுருக்கை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். அது வருவதற்குள், "முடிஞ்சிடுச்சு" என்றாள் தமிழினி. கெசியாவின் கை இன்னும் கிளியம்மாளின் கைக்குள்தான் இருந்தது.

மகன் பிறந்தான். நன்றாக இருந்தான்.

மரத்துப்போன இடுப்புக்கு உணர்வு திரும்பத் திரும்ப, அவளுக்குத் தையல் வலித்தது. அது தெரிந்த வலி. ஆனால் அதற்கும் கீழே? கட்டு ஓரம் அரிப்பதுபோல் தோன்றியது. மறுநாள் காலை அறையில் யாரும் இல்லாதபோது ஆபேலைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பாருங்களேன். எனக்குத் தெரிய மாட்டேங்குது."

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து, போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தான்.

"ஒண்ணுமில்லை."

"சிவப்பா?"

"இல்லை."

"பொரிப் பொரியா ஏதாவது?"

"ஒண்ணுமே இல்லை, கெசியா. சும்மா இருக்கு."

"இன்னொரு தடவை பாருங்க."

அவன் இன்னொரு தடவை பார்த்தான்.