கையில் வாங்கும்

தாலுகா முழுவதற்கும் அந்தக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றுதான். அதில் புன்னக்காயல் கஸ்பார் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த மூன்றாம் நாளே ஆவுடைநாயகம் பிள்ளை சண்டைக்கு வந்துவிட்டார்.

"மீன்பிடிக்கிற பயகிட்ட எம்மவன் படிக்க மாட்டான். அவன நிப்பாட்டும், இல்லன்னா எம்மவன் சர்டிபிகேட்டக் குடும்" என்று தலைமையாசிரியரான சாமியாரிடம் கத்தினார்.

சாமியார் கெஞ்சுவார் என்று பிள்ளை நினைத்திருக்க வேண்டும். சாமியாரோ கஸ்பாரைக் கூப்பிட்டு, சர்டிபிகேட் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்து, "எழுதிக் கொடும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். தன்னைத் தனியே விட்டுப் போனதில் கஸ்பாருக்கு அவர்மேலும் ஆத்திரம் வந்தது.

எழுதி முடித்துக் கஸ்பார் காகிதத்தைப் பிள்ளையிடம் நீட்டினார்.

"மேசையில வையிலே."

"கையில வாங்கும்."

"ஏலே, யாருகிட்டப் பேசுத?"

"பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு. இது இல்லாம உம்ம மவன எங்கயும் சேக்க மாட்டாவ."

கஸ்பார் நீட்டிய கையை மடக்கவில்லை. வெகுநேரம் முறைத்து நின்ற பிள்ளை, கடைசியில் காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கினார். விரல்கள் உரசின. அந்த விரல்களை அங்கேயே வேட்டியில் அழுந்தத் துடைத்துவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் இன்னும் ஒன்பது தகப்பன்மார் சர்டிபிகேட் கேட்டு வந்தார்கள். ஒன்பதையும் கஸ்பாரே எழுதினார். ஒவ்வொருவரும் கைநீட்டும்வரை, அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.