மூலை மூலையாக ஒடித்த எழுத்து

அவசர சிகிச்சைப் பிரிவு எந்தப் பக்கம் என்று காட்டும் பலகைக்குக் கீழே நின்றுதான் தம்பி கத்திக்கொண்டிருந்தான்.

"இத எவன் எழுதினானோ, நல்லா கேக்கணும்க்கா அவன. கோணல் கோணலா, உள்ள ஒண்ணுமே இல்லாம, கம்பிய மடக்கி வச்ச மாதிரி! அம்மாவத் தள்ளிக்கிட்டு ரெண்டு தடவ எக்ஸ்ரே ரூமுக்கு ஓடினேன். பக்கவாதமாம், கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா வலது கை தப்பிச்சிருக்கும்ங்கறார் டாக்டர்."

அக்கா பலகையையே பார்த்தாள். எழுதியவள் அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன், விளையாட்டுச் சாமான் கடை ஒன்றின் வாசல் பலகைக்காக வரைந்த எழுத்துரு. வளைவே கூடாது என்று பிடிவாதம் பிடித்து, அகரத்தின் சுழியைக்கூட மூலை மூலையாக ஒடித்து, ஓரக்கோட்டை மட்டும் விட்டு நடுவைக் காலியாக்கி, அடேயப்பா, அப்போது என்ன பெருமை! ஆளுயரத்துக்கு நின்ற அந்த எழுத்தைத் தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு முழ உயரத்துக்குக் குறைத்துப் போடவே கூடாது என்று, எழுத்துருக்களை விற்கும் தன் கம்பெனி முதலாளியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இங்கே சுண்டுவிரல் உயரம்கூட இல்லை.

தம்பி அம்மாவிடம் போனதும் முதலாளிக்கு போன் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு சார் குடுத்தீங்க?"

"அவங்களேதாம்மா கேட்டாங்க. புது மாதிரியா இருக்காம். பேரு உனக்குத்தானே?"

"பேரா? எங்கம்மாவுக்குக் கை போச்சு சார்!"

"பலகைய மாத்தணும்னா அவங்கதான் எழுதிக் கேக்கணும்" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனா இவன்! எழுதிக் கேட்டு, கூட்டம் போட்டு, கையெழுத்தாகி வருவதற்குள் இன்னும் எத்தனை பேர் எக்ஸ்ரே அறைக்கு ஓடுவது?

வரவேற்பு மேசையில் கிடந்த கறுப்பு மார்க்கரைக் கேட்காமலே எடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"இறங்கும்மா! என்ன பண்றே?"

"ரொப்பறேன். தள்ளிப் போங்க!"

அவள் முகத்தைப் பார்த்தவர், என்ன நினைத்தாரோ, நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு எழுத்தின் வயிற்றையும் அழுத்தி நிரப்பினாள். இறங்கிப் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான். படிக்க முடியவில்லை. குற்றம் காலியான நடுவில் இல்லை, அவள் ஒடித்த மூலைகளில் இருந்தது. கடைப் பலகையைத்தான் யார் படித்தார்கள்? கடையின் பெயர் ஊருக்கே தெரியும். பெரிதாகப் போட்டால் படிக்கலாம் என்று முழக் கணக்கு சொல்லி இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்தாள். முதலாளியைத் திட்டிய வாயால் தன்னையே திட்டிக்கொண்டாள், சத்தமாகவே.

ஒருவர் மூச்சு வாங்கும் மனைவியைத் தாங்கிக்கொண்டு வந்தார். பலகையை அண்ணாந்து பார்த்து உதட்டை அசைத்தார்.

"இடது பக்கம்! ஓடுங்க!" என்று கத்தினாள்.

அடுத்து ஒரு தள்ளுவண்டி. அதற்கும் கத்தினாள்.

"என்னக்கா பண்றே? கையெல்லாம் மை?" தம்பி திரும்பி வந்திருந்தான்.

"நான்தான்டா எழுதினேன் இத."

அவன் பலகையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாசலில் இன்னொரு சக்கர நாற்காலி வேகமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் அவனை விலக்கிக்கொண்டு முன்னே வந்து, மை பூசிய கையை இடப்பக்கம் நீட்டியபடி நின்றாள்.