தூங்கிப்போன தாமரைக் குளம்

அந்தக் கோடையில் ஊர்க் குளம் தூங்கிப்போனது. மேலே பறந்த வாத்துகள் கொட்டாவி விட்டுக்கொண்டே நீரில் விழுந்து உறங்கின. படகில் காலெடுத்து வைத்தவர்கள் துடுப்பைத் தொடுமுன் குறட்டை விட்டார்கள். கரையிலிருந்தவர்கள் பதறிப்போய் உடனே கயிற்றால் இழுத்துக் கரைசேர்த்தார்கள்.

காரணம் அந்த ஊர்ப் பெண் குய்யிங்தான். தாமரை விளையும் குவாங்சாங் பக்கத்தில் விதையை அப்படியே விற்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் கசப்பான பச்சைக் குருத்தை மூங்கில் ஊசியால் தள்ளி எடுத்துக் காயவைப்பார்கள். தூக்கம் வராதவர்கள் அதை வெந்நீரில் ஊறவைத்துக் குடித்தால் நெஞ்சின் சூடு தணிந்து தூக்கம் வரும். அவ்வருடம் மழையில் சாலை அறுந்து மருந்து வியாபாரி வரவில்லை. முற்றத்தில் குப்பை கிடந்தால் குய்யிங்குக்குக் கை சும்மா இருக்காது. விற்காமல் கிடந்த போன பருவத்துக் குருத்து முழுவதையும் பெருக்கிக் குளத்தில் தள்ளிவிட்டாள்.

அதே வாரம் அவள் புருஷன் ஷௌகென்னுக்குத் தூக்கம் போனது. முதலில் கூரையை வேய்ந்தான். பிறகு பக்கத்து வீட்டுக் கூரையையும் வேய்ந்தான். கோடை முற்றியபோது பன்றியைப் பார்த்து, "சித்தப்பா, சாப்பிட்டாச்சா?" என்று விசாரிக்கத் தொடங்கினான். குய்யிங் வெயிலுக்கு ஆகும் தாமரை இலைக் கஞ்சியும் ரத்தம் நிறுத்தும் தாமரைக் கிழங்குக் கணுவும் கொடுத்துப் பார்த்தாள். பலிக்கவில்லை.

வைத்தியர் யூ இரண்டு கையிலும் நாடி பிடித்தார். "நெஞ்சுல சூடும்மா. பச்சைக் குருத்து குடு, சரியாப் போகும்."

"அதைத்தான்யா குளத்துக்குக் குடுத்துட்டேன்!"

புதுக் குருத்துக்குப் புதுக் காய் வேண்டும். தூக்கமே இல்லாத ஷௌகென் ஒருவனால்தான் குளத்தில் விழித்திருக்க முடிந்தது. தினமும் ஊருக்கெல்லாம் சேர்த்துக் காய் பறித்தான். ஊருக்கு அது பிடித்துப்போனது.

"அக்கா, அறுவடை முடியட்டும். அப்புறமா அண்ணனைத் தூங்க வை," என்றான் எதிர்வீட்டு பாவோஷெங்.

"உன் பொண்டாட்டிகிட்ட கேளு, உன்னை முழிச்சிருக்க வைப்பாளான்னு! இந்த மனுஷன் பன்னிகிட்ட உறவு கொண்டாடுறான், உனக்கு அறுவடை கேக்குதோ?"

அன்றே, காய்ந்து முடிந்த புதுக் குருத்தைக் கசக்கக் கசக்க ஊறவைத்துக் கரைக்குக் கொண்டுபோனாள். ஷௌகென் படகில் நின்றபடியே முகம் சுளித்துக் குடித்தான், அப்படியே சாய்ந்தான். படகு நகர்ந்து குளத்துக்குள் போனது. பாவோஷெங் கயிற்றைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தான்.

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன். தூங்கட்டும்!"

ஊர் அவளைத் திட்டிக்கொண்டே நின்றது. படகில் ஷௌகென் குறட்டை விட்டான். சற்று நேரத்தில் அவன் கைகள் மட்டும் எழுந்து காய்களை ஒடித்துப் படகில் போடத் தொடங்கின. ஒரு பிஞ்சைக்கூடத் தொடவில்லை. சாயங்காலம் படகு நிறைந்ததும் தானாகக் கரையில் முட்டியது. ஷௌகென் கண்ணைக் கசக்கினான்.

"பசிக்குது குய்யிங். அந்தப் பன்னி ஏன் என்னையே பாக்குது?"

அதன்பின் அங்கே யாரும் படகை அவசரப்பட்டு இழுப்பதில்லை. ஒவ்வொரு கோடையிலும் குய்யிங் கை நிறையக் குருத்தைக் குளத்துக்குக் கொடுத்துவிடுவாள். மறுநாள் காலை, அறுவடைக்குக் கிளம்புகிறவர்கள் தலையணையோடு போவார்கள்.