சரக்குக்குக் குறை சொல்லாதவர்

திரைச்சீலைக் கடைக்காரர் தன் சரக்கைப் பற்றி வாழ்நாளில் ஒரு குறை சொன்னதில்லை. சாயம் போகுமா என்று கேட்டால், "போகப் போகத்தாங்க களை கட்டும்" என்பார். வெயிலில் வெளுத்த துணியைப் புது ஃபேஷன் என்று தள்ளிவிட்டு, வாங்கியவர் வாயாலேயே நன்றியும் வாங்கிக்கொள்வார். கடைத்தெருவில் அவருக்குத் தேன்வாய் என்று பெயர்.

அந்த வாயோடுதான் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டார்.

மகள் மற்ற பிள்ளைகளைப் போல் சட்டென்று பிடித்துக்கொள்ள மாட்டாள். வகுப்பில் நாள் முழுதும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் உதவி டீச்சரைப் பள்ளி கொடுத்திருந்தது. அந்த டீச்சர் அடுத்த வருஷமும் உண்டா, எவ்வளவு நேரம் என்று பெற்றவர்களும் பள்ளியும் பேசி முடிவு செய்யும் கூட்டம் அது. அதற்குத் தேதி வாங்கவே மனைவி நடையாய் நடந்திருந்தாள்.

"ஏங்க, அங்க உள்ளத உள்ளபடி சொல்லணும்" என்றாள் அவள், வழியெல்லாம். "மணி அடிச்சா மேசைக்கடியில ஒளியிறா. கோவம் வந்தா கையக் கடிச்சுக்கிறா..."

"நல்லாருக்கே! நம்ம பொண்ண நாமளே மட்டம் தட்டுறதா? இவளுக்குச் செஞ்சா வீண் போகாதுன்னு அவங்களுக்கு ஆசை வரணும்டி. பேச்ச எங்கிட்ட விடு. நீ வாயத் தொறக்காத."

வாயைத் திறக்காதவளுக்கு அலைச்சல் மட்டும் மிச்சம்.

பிள்ளைகள் வரத் தேவையில்லை என்று பள்ளியில் சொல்லியிருந்தும், மகளைப் புதுச் சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தார். சரக்கைக் காட்டாமல் எப்படி விற்பது? ஒரு கதைப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்து, காதால் கேட்கவைத்தே அவளுக்கு மனப்பாடமாக்கியிருந்தார்.

தலைமையாசிரியை, புன்னகையை எந்த இடத்தில் எவ்வளவு நீளத்துக்குக் கிழித்துக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த மனுஷி. பக்கத்தில் வகுப்பு டீச்சர்.

"எங்க குட்டிமா இப்ப எவ்வளவோ தேறிட்டா மேடம். வாசிக்கிறா, எழுதுறா, தானா சாப்பிடுறா. படிடா கண்ணு!"

மகள் படித்தாள். கணீரென்ற குரல். விரித்திருந்தது முதல் பக்கம். அவள் வாய் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. வகுப்பு டீச்சர் நிமிர்ந்து தலைமையாசிரியையைப் பார்த்தாள். தலைமையாசிரியையும் பக்கத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பார்க்காதவரானார்.

"அருமை! இனிமே உதவி டீச்சர் எதுக்கு? எத்தனையோ பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அப்பாவே முன்வந்து சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க."

தேன்வாய்க்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வியாபாரத்தில் இப்படியொரு கூத்தை அவர் கண்டதில்லை. சரக்கு நயம் என்று ஒப்புக்கொண்டு, நயமாயிருப்பதாலேயே வேண்டாம் என்கிறாள் ஒருத்தி!

"இல்ல மேடம்... நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"அப்ப நீங்க சொன்னது பொய்யா?"

பொய் என்றால் மானம் போகும். மெய் என்றால் டீச்சர் போவாள். அவர் மகள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார்.

"பிள்ளைய நான் வெளிய கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று வகுப்பு டீச்சர் எழுந்தாள்.

"இருங்க, முடிஞ்சிரும்" என்றார் தலைமையாசிரியை.

மனைவி அப்போது வாயைத் திறந்தாள். மூச்சு விடாமல் பேசினாள். மகளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்றாள். கழிப்பறைக்குத் தனியாகப் போகத் தெரியாது, உடுப்பை நனைத்துக்கொள்வாள் என்றாள். ஒரு பிள்ளையும் விளையாட்டுக்குச் சேர்ப்பதில்லை என்றாள். "பக்கத்துல ஆள் இல்லேன்னா இவ ஒண்ணுத்துக்கும் ஆகமாட்டா மேடம்." தன் வாயாலேயே இதையெல்லாம் சொல்லும்போது அவள் மகள் பக்கம் திரும்பவே இல்லை.

கடைக்காரர் திரும்பினார். மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். புரியாது என்று யார் சொன்னது?

தலைமையாசிரியை உதட்டைப் பிதுக்கி, பெருமூச்செறிந்து, கடைசியில் இறங்கி வந்தார். "சரி, உங்களுக்காக. அரை நாள் மட்டும்."

அந்தப் பெருமூச்சைக் கடைக்காரர் நன்றாக அறிவார். அவரே தினமும் விடுவது. அரை நாள் என்பது இவர்கள் வாசலில் கால் வைக்கும் முன்பே முடிவான விலை. பேரம் பேச வாயெடுத்தார். மனைவி அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "அடுத்த தடவ நீங்க வராதீங்க. பிள்ளையவும் கூட்டிட்டு வரவேணாம். நானே வந்து இவள மட்டம் தட்டிட்டுப் போறேன்."

"அவளுக்காகத்தானடி..."

"எல்லாரும் அவளுக்காகத்தான்."

படியிறங்கும் இடத்தில் கடைக்காரர் கையை நீட்டினார். மகள் பிடிக்கவில்லை. அம்மா நீட்டிய கையையும் பிடிக்கவில்லை. சுவரை ஒட்டி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நிதானித்து, தனியாகவே இறங்கினாள். யாராவது பார்த்திருந்தால், அந்த அரை நாளும் போயிருக்கும். கடைக்காரர் அவசரமாகத் திரும்பி அலுவலக அறைக் கதவைப் பார்த்துக்கொண்டார்.